ஆட்-ஆன் விமான நிலையங்கள்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிபவை

கணினி விமான சிமுலேட்டருக்குத் தனியாக வாங்கிச் சேர்க்கும் விமான நிலையத்தைச் சீனரி என்பார்கள். அதன் விற்பனைப் படங்களில் டெர்மினலின் கண்ணாடிச் சுவரும் அந்தி வெளிச்சமும்தான் முன்னால் நிற்கும். வாங்கிய முதல் வாரம் நம் கண்ணும் அங்கேதான் போகும். ஓராண்டு, ஈராண்டு பறந்த பிறகு ஒரு சீனரியை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்பதை வேறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தரை, பார்க்கிங் தரவு, டெக்ஸ்சரின் (பரப்புகளில் ஒட்டும் படங்களின்) எடை, செய்தவர் அதை எவ்வளவு காலம் கவனிக்கிறார் என்பது. இங்கே சொல்வது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024 இரண்டுக்கும் பொருந்தும். எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டர் பற்றிக் கொஞ்சம் பின்னால் வருகிறது.

தரையில் தொடங்குவோம். மதெய்ரா தீவின் ஃபுன்ஷால் ஓடுபாதை 2,781 மீட்டர். 2000ஆம் ஆண்டில் நீட்டிய பகுதி கடலோரத்தில் கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது. சென்னையின் இரண்டாம் ஓடுபாதையான 12/30 அடையாற்றைப் பாலமாகக் கடக்கிறது. இந்த மாதிரி இடங்களில்தான் செய்தவரின் கை தெரியும். நிலப்பரப்பை மொத்தமாக உயர்த்திவிட்டிருந்தால் ஆற்றின் குறுக்கே மண்சுவர் எழும்பி நிற்கும். பாலத்தை வெறும் 3டி உருவமாக மட்டும் வைத்து, சக்கரம் நிற்கக்கூடிய பரப்பாக அதைக் குறிக்காமல் விட்டிருந்தால் விமானம் அதற்குள் புதையும். வாங்குமுன் இத்தகைய இடத்தில் தாழப் பறந்து எடுத்த காணொளி இருக்கிறதா என்று தேடுங்கள். டெர்மினலைச் சுற்றிக் காட்டும் காணொளி பத்து இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

அடுத்து, இறங்கு கோணம் சரியா என்று வெள்ளை, சிவப்பு நிறத்தால் காட்டும், ஓடுபாதையோரம் நிற்கும் பாப்பி விளக்குகள். லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். இறங்கு கோணமோ வழக்கமான 3 டிகிரி அல்ல, 5.5 டிகிரி. விளக்கின் கோணத்தை மாற்றாமல் 3 டிகிரியிலேயே விட்டுவிட்ட சீனரியில் சரியான பாதையில் இறங்கினாலும் மிக உயரத்தில் இருப்பதுபோல் நான்கு விளக்கும் வெள்ளையாகவே தெரியும். விளக்கை நம்பிக் கீழே இறக்கினால் ஐ.எல்.எஸ். (ரேடியோ வழிகாட்டி) ஊசி நம்மை மேலே ஏறச் சொல்லும். செங்குத்தாக இறங்கவேண்டிய எந்த விமான நிலையத்திலும் முதல் தரையிறக்கத்திலேயே இதைச் சோதித்துவிடலாம்.

பார்க்கிங் தரவு கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் தினமும் உறுத்துவது. ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் ஓர் ஆரம் உண்டு. சிறகு அகலத்தில் பாதிக்குக் குறையாமல் அது இருக்கவேண்டும். ஷார்க்லெட் பொருத்திய ஏ320இன் சிறகு அகலம் 35.8 மீட்டர், ஆகவே 18 மீட்டர் ஆரம் போதும். 777-300ஈஆருக்கு 64.8 மீட்டர், அதற்கு 33 வேண்டும். ஏ380க்கு 40. பெரிய விமானம் நிற்கும் கேட்டுக்கு 18 என்று போட்டுவிட்டால் ஏடிசி (விமானக் கட்டுப்பாடு) அந்த கேட்டை 777க்குத் தராது, ஏஐ (கணினி ஓட்டும்) விமானங்களும் அங்கே வந்து நிற்காது. ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் தளம்) எப்போதும் காலியாகக் கிடந்தால் போக்குவரத்து மென்பொருளைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள். விமான நிறுவனக் குறியீடுகளும் அப்படித்தான்: எந்த கேட்டுக்கு எந்த நிறுவனம் என்று உள்ளே எழுதியிருக்கவேண்டும். எழுதாமல் விட்ட சீனரியில் சரக்கு விமானம் ஏரோபிரிட்ஜில் வந்து நிற்கும். ஜிஎஸ்எக்ஸ் என்ற தரைச்சேவை ஆட்-ஆன் வைத்திருப்பவர்கள் தனி ப்ரொஃபைல் கோப்பு தேடிப் போட்டு, தங்கள் விமானம் நிற்கும் இடத்தையும் வண்டிகள் வந்து சேரும் இடத்தையும் ஓரளவு திருத்திக்கொள்ளலாம். அந்தக் கோப்பு கேட் பெயர்களை வைத்தே இயங்குகிறது. சீனரியின் அடுத்த பதிப்பில் கேட் பெயர் மாறினால் ப்ரொஃபைல் பொருந்தாமல் போகும்.

இப்போது எடை. 4096 × 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், பிசி7 என்ற சுருக்க முறையில், தொலைவில் காட்டும் அதன் சிறிய நகல்களோடு சேர்த்து ஏறத்தாழ 21 எம்பி வீடியோ மெமரியைப் பிடிக்கும். 2048 அளவென்றால் ஏறத்தாழ 5.3 எம்பி. ஒரு சுவருக்கு ஒரு படம் போதாது. நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று படலங்கள் சேர்ந்தே ஒரு பொருள் உருவாகும். மூன்றும் 4கே (4096 அளவு) என்றால் 64 எம்பி வரை போகும். இப்படி அறுபது பொருள் இருந்தால் கிட்டத்தட்ட 4 ஜிபி. காக்பிட், நிலப்படம், மேகம் எல்லாம் இதற்கு மேல். 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் வீடியோ மெமரி நிரம்பியதும் காட்சி சீராக மெதுவாவதில்லை. இரண்டு விநாடி ஓடி ஒரு விநாடி உறைகிறது, அதுவும் பெரும்பாலும் இறுதி அணுகுமுறையில், 1,000 அடிக்குக் கீழே. அந்த நேரத்தில் அது நடப்பதுதான் பெரிய கொடுமை.

இதை நிறுவிய அன்றே பார்த்துவிடலாம். 2020க்கான சீனரி என்றால் டெக்ஸ்சர் ஃபோல்டரைத் திறந்து அளவு வாரியாக அடுக்குங்கள். 21,846 கேபி என்று காட்டும் டிடிஎஸ் கோப்புகள் 4கே, 5,462 கேபி என்பவை 2கே. ஓடுபாதையும் டெர்மினல் முகப்பும் 4கேயில் இருப்பது நியாயம். குப்பைத்தொட்டியும் பயணிப் பெட்டி வண்டியும் 4கேயில் இருந்தால் செய்தவர் கணக்குப் பார்க்கவில்லை என்று பொருள். சிலர் 2கே பதிப்பையும் கூடவே தருகிறார்கள், அந்த அக்கறையைப் பாராட்டவேண்டும். நீங்களே சுருக்கப் போனால் ஒன்றை மறக்காதீர்கள்: சீனரி ஃபோல்டரில் இருக்கும் லேஅவுட் கோப்பில் ஒவ்வொரு கோப்பின் அளவும் எழுதப்பட்டிருக்கும். அதைப் புதுப்பிக்காவிட்டால் உங்கள் மாற்றம் சரியாக ஏறாது. அதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் லேஅவுட் ஜெனரேட்டரின் மேல் அந்தக் கோப்பை இழுத்துவிட்டால் போதும்.

எஃப்.பி.எஸ். (விநாடிக்கு எத்தனை படம் என்ற அளவு) குறைகிறதா என்று சோதிப்பதற்கு ஒரே கேட், ஒரே விமானம், மேகமற்ற வானம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு டெவலப்பர் மோடில் அளவியைத் திறந்து இரண்டு நிமிடம் பாருங்கள். பிறகு சீனரியை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். மெயின் த்ரெட் (சிபியு வேலை) தடை என்று காட்டினால் உருவங்களின் எண்ணிக்கையைச் சந்தேகிக்கவேண்டும். ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) தடை என்றால் டெக்ஸ்சர், விளக்கு, திரை அளவு. ஆப்ஜெக்ட் விவர அளவை 200இலிருந்து 100ஆகக் குறைத்தும் துளி மாற்றமில்லையா? தூரத்துக்கேற்ற எளிய வடிவங்களைச் செய்தவர் போடவில்லை என்று ஊகிக்கலாம். டெர்மினலுக்குள் நாற்காலி, கடை, நிற்கும் மனிதர்கள் என்று நிரப்பிய சீனரிகளில் இது அதிகம். காக்பிட்டிலிருந்து அந்த நாற்காலிகளை யாரும் பார்ப்பதில்லை.

நிறுவும்போது வரும் தொல்லைகளில் பாதி ஒரே காரணத்தால் வருபவை: ஃபோல்டருக்குள் ஃபோல்டர். ஆட்-ஆன்களை வைக்கும் கம்யூனிட்டி ஃபோல்டருக்குள் நேரடியாக இருக்கும் சீனரி ஃபோல்டரைத் திறந்த உடனே மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்ற இரண்டு ஜேசன் கோப்புகளும் கண்ணில் படவேண்டும். இன்னொரு ஃபோல்டர்தான் தெரிகிறது என்றால் அதை ஒரு படி மேலே கொண்டுவாருங்கள். கம்யூனிட்டி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றால் சிமுலேட்டரின் அமைப்புகள் இருக்கும் யூசர்சிஎஃப்ஜி கோப்பை நோட்பேடில் திறந்து கடைசி வரியைப் பாருங்கள், வழி அங்கே எழுதியிருக்கும். ஸிப்பை டெஸ்க்டாப்பின் ஆழத்தில் வைத்துப் பிரித்தால் விண்டோஸின் 260 எழுத்து வரம்பில் முட்டிச் சில கோப்புகள் விடுபட்டுப்போகலாம். டிரைவின் மேல்மட்டத்தில் சிறிய பெயருள்ள ஒரு ஃபோல்டரில் பிரித்து, பிறகு நகர்த்துங்கள்.

ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு சீனரி இருந்தால் ஏரோபிரிட்ஜ் இரட்டையாகும், விமானம் தரைக்கு மேல் மிதக்கும், சில சமயம் லோடிங்கிலேயே சிமுலேட்டர் மூடிக்கொள்ளும். இலவசப் பதிப்பை நீக்க மறந்திருப்போம், அல்லது புதிய பதிப்பில் ஃபோல்டர் பெயரே மாறியிருக்கும், பழையது அப்படியே தங்கியிருக்கும். கம்யூனிட்டிக்குள் அந்த விமான நிலையத்தின் நான்கெழுத்து ஐக்கேயோ குறியீட்டைத் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் நகர அடையாளக் கட்டடங்களின் தொகுப்பைப் பாருங்கள். அதைச் செய்தவர்களும் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்றை நட்டிருக்கலாம். எல்லாச் சீனரியையும் எப்போதும் ஏற்றி வைப்பதும் வேண்டாம். லோடிங் நேரம் நீளும். வேறு டிரைவில் வைத்துக்கொண்டு, ஆட்-ஆன்ஸ் லிங்கர் போன்ற கருவியால் அன்றைய பயணத்துக்கு வேண்டியதை மட்டும் இணைப்பதே நல்லது.

எக்ஸ்-பிளேனில் கஸ்டம் சீனரி ஃபோல்டரில் இருக்கும் சீனரி பேக்ஸ் கோப்பின் வரிசைதான் எல்லாம். விமான நிலையங்கள் மேலே, அவற்றுக்குக் கீழே குளோபல் ஏர்போர்ட்ஸ், பிறகு ஓவர்லே (தரைமேல் அடுக்கும் கட்டடம், சாலை), ஆர்த்தோ (வான்படத் தரை), கடைசியில் மெஷ் (நிலத்தின் மேடுபள்ள வடிவம்). புதிதாகப் போடும் எதுவும் தானாக உச்சியில் போய் உட்காரும். மெஷ் அப்படி மேலே போனால் கீழே இருக்கும் மெஷ்கள் மறைந்துவிடும். கட்டடம் காணாமல் போனால் லாக் கோப்பைப் படியுங்கள், எந்த லைப்ரரி (பொது உருவத் தொகுப்பு) இல்லை என்று அதிலேயே இருக்கும்.

சீனரி மூப்படைவது பற்றிப் பலர் யோசிப்பதில்லை. வழிகாட்டல் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, சீனரிக்குள் அடைத்த ஓடுபாதைப் பெயரோ அப்படியே நிற்கிறது. ஓடுபாதையின் பெயர் அது நோக்கும் காந்தத் திசையின் எண்தான். காந்தத் துருவம் நகர்வதால் ஸ்டான்ஸ்டெட் 2009இல் 05/23இலிருந்து 04/22 ஆனது, ஜெனீவாவும் 2018இல் அப்படியே மாறியது. பழைய பெயருள்ள சீனரியோடு புதிய தரவைச் சேர்த்தால் விமானத்தின் கணினியில் 04 இருக்கும், தரையில் 05 எழுதியிருக்கும், ஏடிசியும் குழம்பும். கட்டடங்களும் மாறுகின்றன. சென்னையின் புதிய டெர்மினல் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய சீனரியில் அது இருக்காது. பெர்லினின் டீகல் 2020 நவம்பரில் மூடப்பட்டது, ஆகவே பழைய கால அட்டவணையில் பறப்பவருக்கு மட்டுமே இன்று அது உதவும்.

2020க்குச் செய்தவை 2024இல் பெரும்பாலும் திறக்கின்றன. ஆனால் விளிம்பைப் பாருங்கள்: விமான நிலையச் சுற்றுச்சுவர் தாண்டியதும் தரை படிபோல் ஏறியோ இறங்கியோ நின்றால் உயர அளவு பொருந்தவில்லை. டாக்ஸிவே ஓரங்களில் மரமோ புல்லோ முளைத்திருந்தால் விலக்குப் பகுதியை (மரம், புல் முளைக்காமல் தடுக்கும் எல்லையை) திருத்தவேண்டும். இரண்டையும் செய்தவர்தான் சரிசெய்ய முடியும். ஆகவே வாங்குமுன் மாற்றப் பட்டியலின் கடைசித் தேதியைப் படியுங்கள், 2024 பதிப்பு இலவசமா தனிக் கட்டணமா என்று கேளுங்கள். டவுன்லோட் ஆன பிறகு பல கடைகளில் பணம் திரும்பக் கிடைக்காது. புதிய பதிப்பைப் போடுமுன் பழைய ஸிப்பை ஒரு மாதமாவது வைத்திருங்கள். புதியதில் ஏரோபிரிட்ஜ் வேலை செய்யாமல் போனால் திரும்ப அதைத்தான் போடவேண்டியிருக்கும்.