டெல்லியில் ஒரு நாள்: பழசா, புதுசா?

சென்னை வண்ணாரப்பேட்டையில் இருக்கும் அக்கா மகள் பரீட்சை எழுத டெல்லி போகிறாள். "மாமா, சுத்திப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கு. எங்க போகட்டும்?" என்று கேட்டாள். யோசிக்காமல் பழைய டெல்லி என்று சொல்லிவிட்டேன். காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

புது டெல்லி அழகான ஊர்தான். 1911 டிசம்பரில் நடந்த தர்பாரில், கல்கத்தாவிலிருந்து தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். நம் ஜார்ஜ் டவுனும் அவர் பெயரைத் தாங்கியதுதான். லட்யன்ஸ், பேக்கர் என்ற இரு ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் வரைந்த நகரம் 1931-ல் திறக்கப்பட்டது. 340 அறைகள் கொண்ட குடியரசுத் தலைவர் மாளிகை, 42 மீட்டர் உயர இந்தியா கேட், நடுவே அகலமான சாலை. ஆனால் பெரும்பாலும் தள்ளி நின்று பார்க்க வேண்டிய இடங்கள். வெயிலில் நடந்தே கால் ஓய்ந்துவிடும். சாயங்காலம் இந்தியா கேட்டில் ஒரு மணி நேரம் போதும்.

பழைய டெல்லி அப்படி இல்லை. ஷாஜகான் கட்டிய ஷாஜகானாபாத் அது. செங்கோட்டை 1648-ல் முடிந்தது. நம் ஜார்ஜ் கோட்டைக்கும் கிட்டத்தட்ட அதே வயது. 1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, கோட்டைக்கு எதிரே இருந்த வீடுகளை ஆங்கிலேயர் இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். உள்ளேயும் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துவிட்டு, பட்டாளத்துக்குக் கட்டடம் எழுப்பினார்கள். இதே வேலையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சென்னையில் செய்தவர்கள்தானே! பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பின், ஜார்ஜ் கோட்டையை ஒட்டி, இந்தியர்கள் வசித்த பழைய கறுப்பர் நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த மண்ணில்தான். அப்படி ஆக்கிய வெட்டவெளிக்கு எல்லை காட்ட நட்டு, பாரிமுனையில் மிஞ்சியிருக்கும் தூணைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, செங்கோட்டை முன்னால் இருக்கும் அந்த வெற்றிடம் உடனே புரியும்.

அப்புறம் சாந்தினி சௌக். ஒரே தெருவில் ஜைனக் கோயில், சிவன் கோயில், குருத்வாரா, தேவாலயம், கடைசியில் ஃபதேபுரி மசூதி. கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, முந்திரி திராட்சைக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று நாம் போவதுபோல, அங்கே புத்தகத்துக்கு நய் சடக், வெள்ளிக்குத் தரீபா கலான், ஜரிகைக்குக் கினாரி பஜார். மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் மிளகாய் மூட்டைகளைத் தாண்டும்போது தொண்டை கமறும்; எல்லோரும் இருமிக்கொண்டே பேரம் பேசுவார்கள். கைக்குட்டை எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஜும்மா மசூதிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். உச்சி வெயிலில் முற்றத்துக் கல் வெறும் காலைச் சுட்டுவிடும்.

குதுப் மினாரை விடச் சொல்ல மனசு வரவில்லை. 72.5 மீட்டர் கோபுரம், பக்கத்திலேயே 1,600 ஆண்டுகளாகத் துருவேறி அழியாத இரும்புத் தூண். ஆனால் அது ஊரின் தெற்கே இருக்கிறது. இரண்டாவது நாள் கிடைத்தால் போகலாம்.

திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. அதனால் ஊர் திரும்பச் செவ்வாய் இரவு ரயிலுக்கே டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன்.