முன்பள்ளி மண்டபத்துக் கலைக் குழு: பல வருடம் போய்வந்த அனுபவம்

போரில் மனம் காயப்பட்டவர்களுக்கான கலைக் குழுக்கள், போர் முடிந்த 2009க்குப் பிறகு இலங்கையின் வன்னியில் நிறைய வந்தன, நிறையப் போயும்விட்டன. நான் போவது புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு முன்பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடும் குழுவுக்கு. 2016 முதல் போகிறேன். சேரலாமா என்று யோசிப்பவர்களும், தங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களும் கேட்பதால் எழுதுகிறேன். சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் உங்களுக்கும் பாய் விரித்து வைக்கிற குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

தொடக்கத்தில் டிமை பேப்பரும் பேஸ்டலும்தான். வளர்ந்த ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கீறிய அதே வீடு, தென்னை, குளம். மாதக்கணக்கில் அதையே கீறினோம். பயிற்றுநர் கிளிநொச்சிப் பிள்ளை. "இது என்ன, ஏன் இங்கே கறுப்பு?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் 2012இல் அதை மூடும்வரை இருந்த ஓர் அக்கா, ஒருநாள் தறப்பாள் கொட்டில்களை வரிசையாகக் கீறினார். பார்த்தோம், யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கிழமை இன்னொருவரின் பேப்பரில் பங்கர் வந்தது.

இப்படிக் கேளாமல் இருப்பது பயிற்றுநரின் நல்ல குணம் மட்டுமில்லை, முறையே அதுதான். நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்து அனுப்புவதை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதில்லை. அவசரகால உளநலத்துக்கென்று 2007இல் வந்த சர்வதேச வழிகாட்டியும் அதைச் செய்யாதீர்கள் என்கிறது. முன்பு எங்கள் பக்கம் வந்த ஒரு நிறுவனம் முதல் நாளே எங்களை வட்டமாக இருத்தி, இழந்தவர்களின் பெயரைச் சொல்லவைத்துப் படமும் எடுத்தது. மூன்று மாதத்தில் திட்டம் முடிந்தது என்று போய்விட்டார்கள். திறந்த காயத்தோடு சனங்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு அதிகம் உதவியது துணித் தையல். பழைய சேலை, சாரம், பிள்ளைகளின் சட்டை எல்லாவற்றையும் வெட்டி, ஒரு துணியில் வைத்துத் தைத்துப் படமாக்குவது. சிலி நாட்டில் 1973இல் பினோச்சே ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் இப்படித்தான் சாக்குத் துணியில் தங்கள் கதையைத் தைத்தார்கள். அந்தப் படங்களைப் பயிற்றுநர் காட்டினார். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 மாசியில் தொடங்கிய போராட்டத்தில் மகனின் படத்தோடு இருந்த அம்மா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவையளும் எங்களைப் போலதான்" என்றார். அப்புறம் அவர் தைக்கத் தொடங்கியது மகனின் கோடுபோட்ட சட்டையை மட்டும்தான், பொத்தான் முதற்கொண்டு. அவிழ்த்து அவிழ்த்துத் தைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் போனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

தைக்கும்போது தலையைக் குனிந்தபடியே கதைக்கலாம், யாருடைய கண்ணையும் பார்க்கத் தேவையில்லை. நெஞ்சடைத்தால் கதையை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோர்க்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கும். என் நித்திரை சீரானது இரண்டாம் வருடத்தில்தான். வெடிச்சத்தத்துக்குப் பதறுவது இன்னும் போகவில்லை, திருவிழா வாணவேடிக்கை தொடங்கினால் வீட்டுக்குள் போய்விடுவேன். போர் முடிந்த மே மாதம் வந்தால் உடம்பே பாரமாகும். கலை இதையெல்லாம் துடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த மாதத்தை இப்போது நான் தனியே கடப்பதில்லை, அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆண்கள் வராதது நீண்டநாள் குறை. கோவலன் கூத்துப் பழகத் தொடங்கிய பிறகுதான் வந்தார்கள். முல்லைத்தீவுப் பக்கம் தலைமுறைகளாக ஆடிவரும் கூத்து அது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலோடு வளர்ந்த சனத்துக்குப் பாட்டு மறக்காது. செல்லடியில் காலை இழந்த அண்ணா ஒருவர் மத்தளத்தை எடுத்தார். அதற்கு முன்பு அவர் வீட்டு வாசலைத் தாண்டுவதே அரிது. கொலையுண்ட கணவனுக்காகக் கண்ணகி அரசனிடம் நீதி கேட்கும் இடம் வந்தால் சிலவேளை பாட்டு நின்றுவிடும், அழுது முடித்த பிறகு தொடங்குவோம். செத்தவீடு செய்ய உடல்கூடக் கிடைக்காதவர்கள் இங்கே அதிகம். அவர்கள் வாய்விட்டு அழ ஓர் இடம் கிடைத்தது. காயம் தனியாளுக்கு மட்டுமில்லை, சமூகத்துக்கும்தான் என்று மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவருவதை நான் அந்த மண்டபத்தில் கண்ணால் கண்டேன்.

குறைகளும் உண்டு. மாரியில் உள்வீதிகளில் இருந்து வருவது கஷ்டம். 2020 ஊரடங்கிலும் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் குழு நின்றுபோய், சிலர் திரும்பவே இல்லை. கைக்குழந்தைக்காரரால் ஒரு மணித்தியாலம்கூடச் சேர்ந்தாற்போல் இருக்க முடிவதில்லை. கொழும்பில் காட்சிக்கென்று ஓர் அமைப்பு வாங்கிப்போன துணிகளில் சில திரும்பி வரவில்லை. அதில் ஒன்று ஓர் ஆச்சி தன் பேத்திக்காகத் தைத்தது. இப்போது எழுத்தில் வாங்காமல் எதையும் வெளியே விடுவதில்லை.

இன்னொன்று, சாக வேண்டும் என்ற எண்ணம் வருபவர்களுக்கு இந்தக் குழு மட்டும் போதாது. ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். எங்கள் குழுவிலேயே மருந்தும் எடுத்துக்கொண்டு தைக்கவும் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் குழுவில் சேர்வதென்றாலும் முதலில் கேளுங்கள்: பயிற்றுநர் எவ்வளவு காலம் இருப்பார்? படம் எடுப்பார்களா? செய்த பொருள் யாருக்குச் சொந்தம்? பிள்ளைகளைப் பார்க்க ஆள் உண்டா? நேராகப் பதில் வந்தால் போய் இருந்து பாருங்கள், குறைந்தது ஒரு மாரியும் ஒரு கோடையும்.