நத்தாருக்கு நாள் எண்ணுதல்: கதவா, மெழுகுதிரியா, கடதாசிச் சங்கிலியா?

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கினால் மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீடு வேறு வீடாகிவிடும். பாலன் குடிலுக்கு இடம் விட்டுக் கதிரைகள் நகரும். கொழும்பிலிருந்து மாமா குடும்பம் உதயதேவி ரயிலில் வந்து இறங்கும். இரவில் சீனவெடிச் சத்தம். ஓட்டிசம் உள்ள என் மகனுக்கு இவை ஒவ்வொன்றும் தலைமேல் விழுகிற இடி. "இன்னும் பத்து நாள்" என்று வாயால் சொன்னால் அவனுக்குப் பிடிபடாது. கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும். மூன்று நத்தார்களில் நான்கு வழிகளை முயன்றோம்.

கடையில் கொடுக்கும் தினக் கலண்டர் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. தாளைக் கிழித்தால் நாள் போய்விடும் என்று கண்டுகொண்டவன், ஒரே காலையில் 25 வரை கிழித்துவிட்டு நத்தார் எங்கே என்று கேட்டான். அவன் கணக்கில் பிழையில்லை. எத்தனை நாள் மிச்சம் என்பதை அந்தக் கலண்டர் காட்டுவதே இல்லை.

ஜெர்மனியில் பிறந்த வழக்கமான 24 கதவுக் கலண்டரை அங்கிருந்தே என் அக்கா அனுப்பியிருந்தார். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்ற எதிர்பார்ப்புத்தான் மற்றப் பிள்ளைகளுக்கு அதன் இனிப்பு. இவனுக்கு அதுவே வேதனை. முதல் நாள் நட்சத்திரச் சொக்கலேட், மறுநாள் மணி. நட்சத்திரம் எங்கே என்று மதியம் வரை அழுதான். பிறகு எல்லாக் கதவுகளையும் அவனோடு இருந்து திறந்து, உள்ளே படங்கள் ஒட்டினோம்: ஒளிவிழா, குடில் கட்டும் நாள், மாமாவின் ரயில். வரப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே பார்த்துவைக்க அது நன்றாக உதவியது. ஆனால் 24 உடன் கதவுகள் முடிந்துவிடுகின்றன.

திருவருகை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள், ஞாயிறுக்கு ஒன்று. மூன்று ஊதா, மூன்றாவது ஞாயிறுக்கு மட்டும் ரோஸ். அம்மம்மா செபம் சொல்லும் அந்த மங்கிய ஒளியில் அவன் அமைதியாக உட்காருவான். அதற்காகவே அதை இன்றும் வைத்திருக்கிறோம். நாள் எண்ண அது உதவாது. ஒரு கிழமை அவனுக்கு நீண்ட காலம். நாள் குறையக் குறைய மெழுகுதிரி கூடுவதும் குழப்பம்.

எங்கள் வீட்டில் வென்றது கடதாசிச் சங்கிலி. செலவும் அதற்குத்தான் குறைவு. நாளுக்கு ஒரு வளையம், இரவில் ஒன்றைக் கழற்றுவான். சங்கிலி குறுகுவது அறையின் மறுபக்கத்திலிருந்தே தெரியும். மார்கழி மழை ஈரத்தில் மாப்பசை விட்டுப்போனது, ஸ்டேப்ளர் அடியுங்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுக்கு வைகாசியில் இதையே கண்ணகி அம்மன் கோயில் கதவு திறத்தலிலிருந்து இறுதிநாள் குளிர்த்திச் சடங்கு வரை கட்டினார்.

சங்கிலியை 25 உடன் நிறுத்தத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பெரிது. 25 வரை சிவப்பு. மாமா திரும்பிப் போகும் நாளுக்கும் பாடசாலை திறக்கும் நாளுக்கும் பச்சை. இடையில் 26க்கு ஒரு வெள்ளை வளையம். 2004இல் கடல் வந்த நாளை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை. காலை 9.25க்கு இரண்டு நிமிடம் நாடே மௌனமாக நிற்கும். முதல் வருடம் அவனுக்கு அதை யாரும் சொல்லிவைக்கவில்லை. நேற்றுவரை சிரித்த அம்மம்மா பேசாமல் நின்று கண்ணீர் விட, அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பி அலறினான். அதைப் பார்த்த பிறகுதான் வெள்ளை வளையம் வந்தது. சென்ற வருடம் டிசம்பர் முதலாம் திகதியே அதைக் காட்டி, "இந்த நாள் அம்மம்மா அழுவார், பிறகு பேசுவார்" என்றோம். அன்று அவர் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். எப்போது பேசுவார் என்று இரண்டு முறை மட்டும் கேட்டான். இந்த வருடம் வெள்ளை வளையத்தில் 9.27 என்று பெரிதாக எழுதப் போகிறேன்.