ஈபிஆர்ல கோடு காணாமப் போனா யாரை சந்தேகப்படறது: ரிலாக்சேஷனையா, எக்ஸ்சேஞ்சையா?

ஈபிஆர்ங்கிறது, ஜோடி சேராத எலக்ட்ரானோட ஸ்பின் காந்தப்புலத்துல மைக்ரோவேவை உறிஞ்சுறதை கோடுகளா பதிவு பண்ற அளவீடு. நாலு கோடு பளிச்சுனு பிரிஞ்சு வரும்னு நம்பி சாம்பிளை கேவிட்டிக்குள்ள, அதாவது மைக்ரோவேவ் அறைக்குள்ள, இறக்குறோம், ஸ்கேன் முடிஞ்சா ஒரே ஒரு தடிச்ச அலைதான் நிக்குது. ஈபிஆர் பண்றவங்க எல்லாருக்கும் இந்த நாள் வரும். காரணம் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு, ஸ்பின் ரிலாக்சேஷன் இல்லைனா எக்ஸ்சேஞ்ச் கப்ளிங். பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா வைத்தியம் வேற வேற.

ரிலாக்சேஷன் தனி ஆளோட பிரச்சினை. ஒரு ஸ்பின் மேல் லெவலுக்குப் போயிட்டு எவ்ளோ சீக்கிரம் தன்னோட எனர்ஜியை சுத்தி இருக்கிற அதிர்வுகளுக்குக் கொடுத்துட்டு இறங்குதோ அவ்ளோ கோடு அகலமாகும். ஜி மதிப்பு (கோடு எந்த காந்தப்புலத்துல வரும்னு சொல்ற எண்) 2 பக்கம் இருக்கிற லொரென்சியன் வடிவக் கோடு, பீக்குக்கு பீக் 1 காஸ் (காந்தப்புல அலகு) அகலம்னா டி2, அதாவது ஸ்பின்கள் ஒத்திசைவை இழக்கிற நேரம், சுமார் 66 நானோசெகண்ட், அதுவே 100 காஸ்னா ஒரு நானோசெகண்டுக்கும் கம்மி. ஆர்பிட்டல் பங்கு (எலக்ட்ரானோட சுற்றுப்பாதை இயக்கத்தால வர்ற காந்தப் பங்கு) அதிகமா இருக்கிற அயனிக்கு இது ரொம்ப வேகம், அதனாலதான் ஆக்டஹீட்ரல் ஹைஸ்பின் கோபால்ட்2+ ரூம் டெம்பரேச்சர்ல கண்ணுலயே படாது, லிக்விட் ஹீலியம் வரைக்கும் போகணும். மாங்கனீஸ்2+க்கு அந்தப் பங்கு கிட்டத்தட்ட கிடையாது, சும்மா தண்ணியில கரைச்சு வச்சாலே ஆறு கோடும் வந்துடும்.

எக்ஸ்சேஞ்ச் அப்படி இல்ல, அது பக்கத்து வீட்டு விவகாரம், ஒரு ஸ்பின் பக்கத்து ஸ்பின்னோட பிணையறது, ரெண்டு ஸ்பின்னாவது கிட்டக்க இருந்தாதான் நடக்கும். இது கோட்டை அகலமாக்கவும் செய்யும் ஒல்லியாக்கவும் செய்யும், இங்கதான் நெறைய பேர் தடுமாறுறாங்க. டெம்போங்கிற நிலையான ராடிக்கலை (ஜோடி சேராத எலக்ட்ரான் இருக்கிற மூலக்கூறு) தண்ணியில 1 மில்லிமோலார் போட்டா மூணு கூர்மையான கோடு, இடைவெளி சுமார் 17 காஸ். அளவை ஏத்திக்கிட்டே போங்க, முதல்ல ஒவ்வொண்ணும் தடிக்கும், அப்புறம் ஒண்ணை ஒண்ணு நோக்கி நகரும், 100 மில்லிமோலாரைத் தாண்டிப் போகப் போக மூணும் கலந்து ஒண்ணாயிடும், இன்னும் ஏத்தினா அந்த ஒத்தைக் கோடு திரும்ப ஒல்லியாக ஆரம்பிக்கும். டீபிபிஎச்ங்கிற இன்னொரு நிலையான ராடிக்கலும் இதே கதைதான், பவுடரா வச்சா ஒரே கோடு, அகலம் ரெண்டு காஸுக்குள்ள. அவ்ளோ நெருக்கத்துல இருக்கிற ஸ்பின்களோட டைபோலார் இழுபறிக்கு (ஒண்ணோட காந்தப்புலம் இன்னொண்ணைப் பாதிக்கிறது) கோடு எவ்வளவோ அகலமா இருந்திருக்கணும், ஆனா ஸ்பின்கள் அவ்ளோ வேகமா இடம் மாத்திக்கிறதால அந்த இழுபறி சராசரியாகி அடங்கிடுது. அதையே ஆக்ஸிஜன் நீக்கின பென்சீன்ல நீர்க்கக் கரைச்சா அஞ்சு கோடு வந்து நிக்கும். இந்த ஒல்லியாகற விஷயத்தை 1947ல கோர்ட்டரும் வான் வ்லெக்கும் விளக்கினாங்க, 1953ல ஆண்டர்சனும் வைஸும் அதுக்கு கணக்கு போட்டுக் கொடுத்தாங்க.

சரி, எது காரணம்னு எப்படிப் பிரிக்கிறது? எல்லாரும் முதல்ல குளிர வைப்பாங்க, நானும் அதைத்தான் பண்ணேன். ஒரு காப்பர் காம்ப்ளெக்ஸ் பவுடர், தடிச்ச ஒத்தைக் கோடு, ரிலாக்சேஷனாதான் இருக்கும்னு முடிவு பண்ணி மூணு வாரம் லிக்விட் நைட்ரஜன் கேன் தூக்கிட்டு அலைஞ்சேன், 77 கெல்வின்லயும் கோடு அசையல. அப்புறம் அதே லிகண்டோட (உலோகத்தைப் பிடிச்சிருக்கிற மூலக்கூறு), ஆனா ஜோடி சேராத எலக்ட்ரான் இல்லாத ஜிங்க் காம்ப்ளெக்ஸ்ல நூத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல காப்பரைக் கலந்து கிரிஸ்டல் வளத்து, அரைச்சு, ரூம் டெம்பரேச்சர்லயே வச்சேன். லோ ஃபீல்டு பக்கம் ஹைப்பர்ஃபைன் (காப்பர் அணுக்கருவால வர்ற கோட்டுப் பிளவு) படி படியா ஏறி வந்துச்சு, அந்த ஸ்க்ரீனை இன்னும் மறக்கல. அதனால என் கட்சி எப்பவும் டைல்யூஷன் பக்கம்தான். நீர்க்க வச்சதும் கோடு பிரிஞ்சா பக்கத்து ஸ்பின்தான் காரணம், எவ்ளோ நீர்க்க வச்சாலும் அகலம் மாறாம குளிர வச்சாதான் கூர்மையாகுதுன்னா ரிலாக்சேஷன்.

லிக்விட் சாம்பிள்ல குளிர் டெஸ்டை நம்பவே நம்பாதீங்க. குளிர்ந்தா கரைசல் கெட்டியாகும், மூலக்கூறு மோதறதும் குறையும், சுத்தறதும் குறையும், எது மாறினதால கோடு மாறுச்சுன்னு சொல்லவே முடியாது. வெறும் தண்ணிக் கரைசலை மெதுவா உறைய வச்சா இன்னும் மோசம், ஐஸ் தன் கிட்ட இருக்கிற ராடிக்கலை எல்லாம் வெளிய தள்ளி ஒரே இடத்துல குவிச்சிடும், நீங்க நீர்க்க வச்சதா நெனைக்கிறது உள்ள அடர்த்தியா இருக்கும். கிளிசரால் கலந்து கண்ணாடி மாதிரி உறைய வைங்க.

குளிர் டெஸ்ட் உண்மையிலேயே பேசற இடம் ஒண்ணு இருக்கு, காப்பர் அசிடேட் மோனோஹைட்ரேட். ரெண்டு காப்பர் ஜோடியா உக்காந்திருக்கு, கீழ சிங்லெட் (ரெண்டு ஸ்பின்னும் ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ற நிலை), அதுக்கு மேல ஏறக்குறைய 300 செமீ⁻¹ எனர்ஜி உயரத்துல ட்ரிப்லெட் (ரெண்டு ஸ்பின்னும் சேர்ந்து நிக்கிற நிலை), சிக்னல் கொடுக்கிறது ட்ரிப்லெட் மட்டும்தான். ப்ளீனியும் பவர்ஸும் 1952ல இதைத்தான் விளக்கினாங்க. ரிலாக்சேஷன் பிரச்சினைன்னா குளிரக் குளிர சிக்னல் வளரணும், இங்க தலைகீழா தேயும், நைட்ரஜன் வரைக்கும் போனா அந்த ட்ரிப்லெட் கோடுகள் கிட்டத்தட்ட காலி. அப்பவும் ஜி 2 பக்கம் ஒரு சின்ன சிக்னல் மிச்சம் நின்னா அதை டைமர்னு, அதாவது காப்பர் ஜோடின்னு, எழுதிடாதீங்க, அது ஜோடி சேராம தனியா மாட்டிக்கிட்ட காப்பர்.