அருவிப் பயணத்துக்கு டிரை பேக்: வாங்கலாமா?

அருவிக்கு ஒரு நாள் பயணம் திட்டமிடுபவர்கள் வழியையும் மழை நிலவரத்தையும் விசாரிப்பார்கள். பையை மட்டும் கிளம்பும் நேரத்தில் கைக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். வெப்பமண்டலக் காட்டு அருவிக்கு அது சரிப்படாது. பாறையில் மோதிச் சிதறும் சாரல் தடாகத்தைத் தாண்டியும் நனைக்கும். பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது. அதற்காகவே வாங்கிய, வாயை உருட்டிக் கொக்கி மாட்டும் 20 லிட்டர் டிரை பேக்கை, அதாவது சாரலும் மழையும் உள்ளே புகாத பையைப் பற்றி எழுதுகிறேன்.

தார்ப்பாய் போன்ற தடித்த பி.வி.சி. துணியால் ஆன இந்தப் பையில் தையலே இல்லை. விளிம்புகளை வெப்பத்தால் ஒட்டியிருக்கிறார்கள். தையல் விழுந்த இடமெல்லாம் ஊசித் துளை என்பதால் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது இதுதான். வாயைச் சுருக்கமின்றி நீவி, ஒரே திசையில் குறைந்தது மூன்று சுற்று உருட்டிய பிறகே கொக்கியை மாட்டவேண்டும். பையைக் கழுத்து வரை அடைத்தால் உருட்ட இடமிருக்காது. ஆகவே 20 லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் அவ்வளவு பொருள் கொள்ளாது. மூடிய பையை நெஞ்சோடு அணைத்து அழுத்தும்போது காற்று சீறினால், எங்கோ கசிகிறது என்று பொருள்.

சாரலிலும் கனமழையிலும் உள்ளிருந்த துண்டு நனையவில்லை. ஆனால் இத்தகைய பை நீரில் அமிழ்த்தி வைப்பதற்கானதன்று. கைபேசிக்குத் தனி உறை வேண்டும். அந்த உறைகளில் காணப்படும் ஐ.பி.எக்ஸ். 7 என்னும் குறியீடு, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் பழுதாகாது என்பதைக் குறிக்கிறதே ஒழிய, பீறிட்டு அடிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிப்பதில்லை. அருவிக்கு நேர் கீழே நின்று படமெடுக்க விரும்புபவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைப்பது நல்லது.

என் பெரிய குறை தோள்வாரைப் பற்றியது. ஒற்றை வார் மட்டுமே இருப்பதால், பாசி படிந்த பாறையில் ஊன்றிக் குனியும்போதெல்லாம் பை முன்னால் சரிந்து வந்து காலை மறைக்கிறது. இரு கைகளும் எப்போதும் காலியாக இருக்கவேண்டிய பாதையில் இது வெறும் அசௌகரியமன்று, ஆபத்து. வெளிப்புறத்தில் பாக்கெட் ஒன்றும் இல்லாததால், தண்ணீர் பாட்டிலை எடுக்கக்கூட ஈரக் கையோடு வாயைப் பிரிக்கவேண்டியிருக்கிறது.

எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. திரும்பும்போது நனைந்த உடைகளை இதற்குள் போட்டு மூடிவிட்டால் வண்டியின் இருக்கையில் ஒரு சொட்டு ஈரமும் படுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பிரிக்க மறந்தால் வரும் நாற்றத்துக்குப் பை பொறுப்பாகாது.

பையை எங்கே வைப்பது என்பதையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும். மேலே மலையில் பெய்த மழையால், வெயில் காயும் தடாகத்திலும் வெள்ளம் வரலாம். நீர் திடீரெனக் கலங்கினாலோ சருகுகளை அடித்து வந்தாலோ உடனே மேடேறவேண்டும். பாறையில் பரப்பிய பொருள்களைப் பொறுக்க அப்போது நேரமிருக்காது. அதனால் பையைத் தொடக்கத்திலேயே மேட்டில், மூடியே வைப்பது உத்தமம்.

தனியாகச் செல்பவர், சாதாரண முதுகுப்பைக்குள் அடங்கும் 10 லிட்டர் அளவை வாங்கினால் போதும். 20 லிட்டர்தான் வேண்டுமென்றால், இரட்டை வார் உள்ளதைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.