சன், இண்டி, நெக்ஸ்ட்: பாதிச் சாமானோடு வரும் பெட்டியில் எதை எடுப்பது?

பழைய ஒர்க்ஸ்டேஷன் (தொழில்முறை வேலைக்கென்று செய்த, சாதாரண பிசியைவிடச் சக்திவாய்ந்த கம்ப்யூட்டர்) வாங்க நினைப்பவர்கள் எது அழகு, எது பேர்போனது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது உள்ளே என்ன இல்லை என்பதை. இந்தப் பெட்டிகள் முழுசாக விலைக்கு வருவது அபூர்வம். கழித்துக்கட்டும்போது டேட்டா வெளியே போகக்கூடாது என்று ஹார்டு டிஸ்க்கை உருவிவிடுவார்கள். மானிட்டர் கனமாக இருக்கிறதென்று தனியாகப் போய்விடும். கீபோர்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

அப்படி வெறும் கூடாகக் கிடைக்கும் மூன்றை எடுத்துக்கொள்வோம்: 1994-இன் சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 1993-இன் சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டி, 1990-இன் நெக்ஸ்ட்ஸ்டேஷன் கறுப்பு வெள்ளை மாடல்.

ஹார்டு டிஸ்க் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூன்றும் ஸ்கஸி, அதாவது டிஸ்க்கையும் சிடி டிரைவையும் இணைக்கும் அந்தக் காலத்து முறை. முப்பது வருடம் சுற்றிய டிஸ்க்கைத் தேடி வாங்குவதைவிட, எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க்காகக் காட்டும் ப்ளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி போன்ற சிறு போர்டுகளே மேல். இண்டிக்கும் நெக்ஸ்ட்டுக்கும் 50 பின் கேபிள் நேராகப் பொருந்தும். சன் உள்ளே எஸ்சிஏ என்ற 80 பின் கனெக்டரைக் கேட்கும். அதற்கு ஓர் அடாப்டர் போதும். சன்னில் டிஸ்க்குக்கு 3, சிடி டிரைவுக்கு 6 என்று ஸ்கஸி எண் (ஐடி) வைத்தால் தொல்லை இல்லை. நிஜ சிடி டிரைவ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், டேட்டாவை 512 பைட் துண்டுகளாக (செக்டர்) தரக்கூடிய டிரைவாகப் பாருங்கள். சாதாரண பிசி டிரைவின் 2048 பைட்டைச் சன் ஏற்காது.

கீபோர்டு, மானிட்டர் விஷயத்தில்தான் மூன்றும் பிரிகின்றன. சன்னில் கீபோர்டு செருகாமல் பவர் போட்டால், அது திரையில் காட்ட வேண்டிய எழுத்துகளைத் தானாகவே சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிடும். அந்தப் போர்ட்டில் 9600 பாட் வேகத்தில் லேப்டாப்பை இணைத்து, திரையே இல்லாமல் ஓஎஸ் நிறுவிவிடலாம். இண்டிக்கு பிஎஸ்/2 கீபோர்டும் மவுஸும் போதும். எந்தக் கம்ப்யூட்டர் கடை மூலையிலும் கிடக்கும்.

நெக்ஸ்ட்ஸ்டேஷனின் பெட்டியிலோ பவர் பட்டனே கிடையாது. பட்டன் கீபோர்டில் இருக்கிறது. கீபோர்டு மானிட்டரில் செருகும். மானிட்டர் டிபி-19 என்ற 19 பின் கனெக்டர் உள்ள ஒரே ஒரு கேபிளால் பெட்டியோடு சேரும். படம், ஒலி, கீபோர்டு, மவுஸ், மானிட்டருக்கான மின்சாரம்கூட அந்த ஒற்றைக் கேபிளில்தான் போகிறது. வடிவமைப்பாக அற்புதம், ஒன்று தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. அந்த 19 பின் கனெக்டர் வெகுகாலம் உற்பத்தியிலேயே இல்லை. 2016-இல் ஆர்வலர்கள் கூட்டாகப் பணம் போட்டுத் தொழிற்சாலையில் 10,000 புதிதாகச் செய்ய வைத்தார்கள். ஒரு கனெக்டருக்கு இத்தனை பாடு!

சன், இண்டி இரண்டிலும் வீடியோ போர்ட் 13டபிள்யூ3 என்ற வகை. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள் வயரிங் வேறு. சன்னுக்கு வாங்கிய அடாப்டரை இண்டியில் மாட்டிவிட்டுப் படம் வரவில்லையே என்று மதர்போர்டைச் சந்தேகிக்காதீர்கள். சன்னின் 1152×900 படத்தைப் பல எல்சிடி மானிட்டர்கள் ஏற்பதில்லை. வாங்குமுன் மானிட்டர் காம்போசிட் சிங்க் (கிடை, நெடு ஒத்திசைவு சிக்னல்கள் ஒன்றாகவே வருவது) ஏற்குமா என்று விசாரியுங்கள்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாமல் "இல்லாமல் போயிருக்கும்" பாகம்: பேட்டரி. நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைக்கும் சன்னின் எம்48டி08 சிப்புக்குள்ளேயே லித்தியம் பேட்டரியை வைத்து அடைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய பத்து வருடம் என்ற கணக்கில் செய்தது. அது செத்தால் நேரம் மட்டுமல்ல, மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் பெட்டியை அடையாளம் காட்டும் எண்) ஹோஸ்ட் ஐடியும் (பெட்டியின் சொந்த அடையாள எண்) போய், முகவரி முழுக்க எஃப்எஃப் என்று நிற்கும். பெட்டி பூட் ஆகும், நெட்வொர்க் வராது. ஓஎஸ் ஏறுமுன் வரும் ஓகே ப்ராம்ப்ட்டில் 08:00:20 என்று தொடங்கும் முகவரியை மறுபடி எழுதிவிடலாம், ஆனால் பவரை அணைத்தால் மறுபடி மறந்துவிடும். நிலையான வழி இரண்டு. ஒன்று புதுச் சிப். "புதுசு" என்று சொல்லிப் பழைய இருப்பை விற்பவர்களும் உண்டு, மேலே அச்சான தேதியைப் பாருங்கள். இரண்டாவது, சிப்பின் தலையை அரத்தால் தேய்த்து, உள் பேட்டரியின் இணைப்பை அறுத்து, சிஆர்2032 ஹோல்டரைச் சால்டர் செய்வது. கை நடுங்காதவருக்கு இரண்டாவதே மலிவு, அடுத்த முறை பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். இண்டியில் அதே வேலை செய்யும் டல்லாஸ் சிப்பிலும் இதே வியாதிதான். இந்த ஓர் இடத்தில் நெக்ஸ்ட் ஜெயிக்கிறது: அதன் பேட்டரி ஹோல்டரில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, எடுத்து மாற்றலாம்.

மெமரியில் இண்டி சுலபம்: பாரிட்டி (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) உள்ள 72 பின் சிம் (SIMM) மெமரிப் பலகைகள், நான்கு நான்காக. நெக்ஸ்ட்டுக்கு 30 பின். சன்னுக்கு அதற்கென்றே செய்த டிம் (DIMM) மெமரிப் பலகை. பிசி மெமரியை அழுத்திப் பார்க்காதீர்கள். பவர் சப்ளை இல்லாத பெட்டி எதுவானாலும் விட்டுவிடுங்கள்.

சாஃப்ட்வேரும் ஒரு பாகம்தான். சன்னுக்கு நெட்பிஎஸ்டி என்ற ஓஎஸ் இலவசமாக இறங்கும், இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. இண்டியில் அதைப் போடலாம்தான், ஆனால் சிலிக்கான் கிராஃபிக்ஸின் சொந்த ஓஎஸ்ஸான ஐரிக்ஸ் இல்லாத இண்டியை யாருக்காக வைத்திருப்பது? ஐரிக்ஸ் 6.5.22 வரை இதில் ஓடும். அந்த சிடிக்களும் கூட வருகின்றனவா என்று கேட்டுப் பேரம் பேசுங்கள்.

முதல் முறை கைவைப்பவருக்கு என் ஓட்டு சன்னுக்கே. கையிழந்தாலும் காலால் நடக்கும் பெட்டி அது. ஐரிக்ஸ் கைவசம் இருந்தால் இண்டி. டிம் பெர்னர்ஸ்-லீ வெப்பை உருவாக்கியது நெக்ஸ்ட்டில்தான் என்ற பெருமைக்காகத் தட்டையான நெக்ஸ்ட்ஸ்டேஷனுக்கும் விலை ஏற்றிச் சொல்வார்கள். அவர் வைத்திருந்தது கனசதுர மாடல். மானிட்டர், கீபோர்டு, கேபிள் மூன்றையும் சேர்த்துத் தரும் ஒருவர் கிடைத்தால் வாங்குங்கள், அதுவும் அவர் கையால் பவர் பட்டனை அழுத்திக் காட்டிய பிறகு.