மேகமலையில் ‘இலவச முகாம்’ அனுமதி என்று சொல்லி 14,700 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள் – தனியாகப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று முன்தினம் நடந்தது. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் மதுரை. பழைய ஆம்னி வேன் ஒன்று வைத்திருக்கிறேன். பின்னால் பலகை அடித்து, மெத்தை போட்டு, ஜன்னலுக்குக் கொசுவலை தைத்து, ஒரு ஆள் படுத்துத் தூங்குகிற மாதிரி இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்தேன். மேகமலையில் இரண்டு ராத்திரி, போடிமெட்டுப் பக்கம் ஒன்று, கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர்ப் பக்கம் ஒன்று, அப்புறம் ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறையில் இரண்டு. மொத்தம் ஆறு ராத்திரி, தனியாக. விடுதி வேண்டாம், காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தி அதிலேயே தூங்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பயம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் அத்தனை பிள்ளைகள் போனார்களே, அதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால் அனுமதி இல்லாத இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன். என்னை ஏமாற்றியவன் பிடித்துக்கொண்டது சரியாக அந்த இடத்தைத்தான்.

படமும் வீடியோவும் போடுகிற ஒரு சமூக ஊடகத்தில் பயண ஏற்பாட்டுப் பக்கம் ஒன்று. பெயர் எழுதவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். ‘மலைக்காட்டில் இலவச முகாம், இரவு வாடகை கிடையாது’ என்று விளம்பரம். செய்தி அனுப்பிய பத்து நிமிடத்தில் ஒரு பையன் கூப்பிட்டான். “அக்கா, காட்டுல படுக்க வாடகை எதுக்கு? அனுமதி மட்டும்தான் வேணும். அதை நாங்க வாங்கித் தர்றோம்” என்றான். தனியாக வருகிறேன் என்றதும் குரலே மாறியது. “அப்படின்னா நான் சொல்ற இடத்தைத் தவிர வேற எங்கயும் நிறுத்தாதீங்க. தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு லொக்கேஷன் அனுப்பிடுங்க” என்றான். என் தம்பிகூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

கணக்கும் தெளிவாக அனுப்பினான். மூன்று வனப்பகுதி அனுமதியும் கொடைக்கானல் இ-பாஸும் சேர்த்து 9,500. தங்கும் இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளும் வரைபடமும் 3,200. அப்புறம் குப்பைக்கு வைப்புத்தொகை 2,000. “நீங்க போட்ட குப்பையைத் திரும்பக் கீழே கொண்டுவந்து ஒரு போட்டோ அனுப்புங்க அக்கா, அன்னிக்கே ரெண்டாயிரம் திரும்ப வந்துடும்” என்றான்.

நான் நம்பியது அந்த இடத்தில்தான். திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன், வேறு எதுவும் இல்லை, அந்தக் குப்பைப் பணம்தான். காட்டில் பிளாஸ்டிக் கிடக்கக் கூடாது என்று நினைக்கிறவன் எப்படித் திருடனாக இருப்பான் என்று என் மனது முடிவு செய்துவிட்டது. யுபிஐயில் மூன்று தவணையாக அனுப்பினேன். 14,700 ரூபாய். மறுநாளே முத்திரையும் கையெழுத்தும் கோபுரச் சின்னமும் போட்ட கடிதம் வந்தது. அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தேனி, சின்னமனூர் தாண்டித் தென்பழனி வனச் சோதனைச் சாவடி. அங்கிருந்துதான் மேகமலைக்கு மலை ஏற்றம் ஆரம்பம், பதினெட்டு வளைவு. ராத்திரி வண்டி விடமாட்டார்கள் என்பதால் சீக்கிரமே போய்விட்டேன். பெருமையாகக் கடிதத்தை நீட்டினேன்.

வயதான வனக்காப்பாளர் ஒருவர் இரண்டு முறை படித்தார். “இதை யாரும்மா கொடுத்தது?” என்றார். சொன்னேன். “இது 2021லயே ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆயிடுச்சு. இந்தத் தாள்ல அந்தப் பேரே இல்லையேம்மா” என்றார். புலிகள் காப்பகத்துக்குள் ராத்திரி வண்டியை நிறுத்திப் படுக்க இப்படி யாரும் எழுதிக் கொடுப்பதில்லை என்றும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை அதட்டவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

அப்புறம் அந்த ஜிபிஎஸ் புள்ளிகளைக் காட்டச் சொன்னார். முதல் புள்ளி ‘ஏரிக்கரை, பாதுகாப்பானது, தனியாக வரும் பெண்களுக்கு ஏற்றது’ என்று போட்டிருந்தது. அவர் போனைக் கையில் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது தேயிலைத் தோட்டத்துக்காரங்க இடம். அதுக்குக் கீழே யானை தண்ணிக்கு இறங்குற வழி. இங்கயா ராத்திரி தனியாப் படுக்கச் சொன்னான்?” என்றார்.

14,700 ரூபாய் போனது ஒரு பக்கம். ஒரு பெண் தனியாக வருகிறாள் என்று தெரிந்து, அம்மாவுக்கு லொக்கேஷன் அனுப்பச் சொல்லிவிட்டு, யானைத் தடத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் பார்த்திருக்கிறான். செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் தெரிந்த இடத்தில் எல்லாம் புள்ளி வைத்திருப்பான் போலிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அங்கிருந்தே கூப்பிட்டேன். “செக்போஸ்ட்ல இருக்கறவர் புதுசு அக்கா, நான் பெரியவர்கிட்ட பேசிட்டு பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்” என்றான். புதிதாம்! அவர் அந்த மலையடிவாரத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறவர். வண்டியிலேயே மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. இருட்டுவதற்கு முன் சின்னமனூருக்குத் திரும்பி ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். எந்த லாட்ஜ் வேண்டாம் என்று இரண்டு வருடம் உழைத்தேனோ அதே லாட்ஜ்.

இரவு எட்டு மணிக்கு வேறு ஒருவர் பேசினார், ‘மேலாளர்’ என்றார். அக்கா போய் மேடம் வந்துவிட்டது. “அனுமதி வாங்கித் தர்றது மட்டும்தான் மேடம் எங்க சேவை, உள்ளே விடறதும் விடாததும் அவங்க விருப்பம்” என்றார். அந்தக் கடிதமே போலி என்றேன். “அதை நீங்க நிரூபிக்கணும் மேடம்.” சரி, குப்பைக்குக் கட்டிய 2,000ஐயாவது கொடுங்கள், நான் மலையே ஏறவில்லையே என்றேன். “குப்பை போட்டோ அனுப்பினாத்தான் சிஸ்டம்ல ரீஃபண்ட் ஓப்பன் ஆகும்” என்றார். அந்த நிமிடம் போனைத் தூக்கி எறியத் தோன்றியது. காலையில் ‘அடுத்த பயணத்துக்கு 90 நாள் செல்லும் கூப்பன்’ என்று ஒரு படம் வந்தது. நடந்ததை அவர்களுடைய பக்கத்திலேயே கருத்தாக எழுதினேன். ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு என்னையும் தடுத்துவிட்டார்கள்.

சமூக ஊடகத்துக்குப் புகார் அனுப்பினேன். எங்கள் விதிகளை இந்தப் பக்கம் மீறவில்லை என்று இரண்டு வரிப் பதில். வங்கியில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்கிறார்கள். ஆமாம், நான்தான் போட்டேன். போலிக் கடிதத்தைக் காட்டி ஏமாற்றினால் போடத்தானே செய்வோம்?

இன்னொன்று. அந்த 9,500க்குள் சேர்த்திருந்தானே, கொடைக்கானல் இ-பாஸ், அது இலவசம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இருக்கிறது, அரசுத் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் ஒரு பைசா இல்லாமல் நாமே எடுத்துக்கொள்ளலாம். லாட்ஜில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன், சில நிமிடம்தான் ஆனது. அதற்கும் என்னிடம் காசு வாங்கியிருக்கிறான்.

பெயரைச் சொல்லாததற்குக் காரணம், நாளை காலை சைபர் குற்றப் பிரிவில் நேரில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்குள் பக்கத்தை மூடிவிட்டு வேறு பெயரில் கிளம்பிவிடக் கூடாது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது முடியவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். காப்புக்காட்டிலோ புலிகள் காப்பகத்திலோ ‘இலவச முகாம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருடையது, வாட்ஸ்அப்பில் வருகிற தாளுக்கு மதிப்பில்லை. காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் 2024இல் அரசே தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இருக்கிறது, வழிகாட்டியோடு போகலாம். ஜிபிஎஸ் புள்ளியை விலைக்கு வாங்காதீர்கள், அந்த இடத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது கேளுங்கள். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் ‘பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்’ என்பதை நம்பிக் காத்திருந்து, மறுநாள் மத்தியானம்தான் கூப்பிட்டேன். அதற்குள் 14,700 ரூபாயும் வேறு கணக்குக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

இதே மாதிரி முத்திரை போட்ட கடிதமோ, ‘குப்பை வைப்புத்தொகை’ என்ற வார்த்தையோ உங்களுக்கும் வந்திருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நாளை பதினோரு மணிக்குள் கிடைத்தால் என் புகாரோடு சேர்த்தே கொடுத்துவிடுவேன்.